வேலை தந்த கைவலி: கட்டா, ஊசியா, கத்தியா, வேலை முறையை மாற்றுவதா?

தட்டச்சு, தையல், முடிதிருத்தம், காய் நறுக்குதல், பொட்டலம் கட்டுதல், திருகு முடுக்குதல், சுவர்ப்பூச்சு, பல் மருத்துவம் என்று ஒரே அசைவை நாள் முழுக்கச் செய்யும் வேலைகளில் கையோ தோளோ ஒரு கட்டத்தில் முரண்டு பிடிக்கத் தொடங்கும். ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ஓய்வெடு என்பார் ஒருவர், பட்டை கட்டு என்பார் இன்னொருவர், ஊசி போட்டால் ஒரே நாளில் சரியாகிவிடும் என்பார் மூன்றாமவர். இவற்றில் எது சிறந்தது என்று மொத்தமாகக் கேட்டால் பதில் கிடையாது. கட்டைவிரல் அடியில் வரும் உறை வீக்கத்தை ஸ்டீராய்டு ஊசி பெரும்பாலும் தீர்த்துவிடுகிறது. அதே ஊசி முழங்கையின் வெளிப்புற வலியில் ஆறு வாரம் சுகம் கொடுத்துவிட்டு, ஓராண்டு முடிவில், எதுவும் செய்யாமல் இருந்தவரைவிட மோசமான நிலையில் ஆளை விட்டுவிடுகிறது.

ஆகவே எந்த வழி என்று தீர்மானிக்குமுன் இரண்டு கேள்விகளுக்கு விடை வேண்டும். நோவது நரம்பா, தசைநாணின் உறையா, தசைநாண் எலும்பில் ஒட்டும் இடமா, தோள் மூட்டா? அந்த இடத்தில் ஏறும் சுமை எந்த அசைவிலிருந்து வருகிறது? முதல் கேள்வி சிகிச்சையைத் தீர்மானிக்கும். இரண்டாவது, அந்தச் சிகிச்சை நிலைக்குமா என்பதைத் தீர்மானிக்கும்.

வலி இருக்கும் இடம்

மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு குறுகிய சுரங்கம் இருக்கிறது. அடியிலும் பக்கங்களிலும் எலும்பு, மேலே தடித்த நார்ப்பட்டை. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் மீடியன் நரம்பும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. அங்கே அழுத்தம் கூடினால் முதலில் பாதிக்கப்படுவது நரம்புதான். இதுவே கார்ப்பல் டனல். கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிர விரலில் பாதி ஆகியவை மரத்துப்போகும்; சுண்டுவிரல் தப்பிவிடும். நடு இரவில் தூக்கத்தைக் கலைத்து எழுப்பும், கையை உதறினால் குறையும். இரண்டு புறங்கைகளையும் ஒன்றோடொன்று சேர்த்து மணிக்கட்டை மடக்கி 60 விநாடி வைத்துப் பார்த்தால் அதே மதமதப்பு வரும். ஒரு நுணுக்கம்: உள்ளங்கையில் கட்டைவிரல் மேட்டுத் தோலுக்குப் போகும் நரம்புக் கிளை சுரங்கத்துக்கு வெளியே ஓடுகிறது. அந்தத் தோலும் மரத்திருந்தால் கோளாறு மணிக்கட்டில் அல்லாமல் முன்கையிலோ கழுத்திலோ இருக்க வாய்ப்பு அதிகம்.

சுண்டுவிரலும் அதை ஒட்டிய பாதி மோதிர விரலும் மரத்தால் அது வேறு நரம்பு. முழங்கையின் உள்பக்கம், இடித்துக்கொண்டால் மின்சாரம் பாய்ந்ததுபோல் இருக்குமே, அந்த இடத்தில் சிக்கிக்கொள்ளும் அல்நர் நரம்பு. இவர்கள் மணிக்கட்டுப் பட்டை வாங்கி மாதக்கணக்கில் கட்டிக்கொண்டும் பலன் காணாமல் இருப்பார்கள். இவர்களுக்கு வேண்டியது இரவில் முழங்கை மடங்காமல் இருப்பது. ஒரு துவாலையை முழங்கையைச் சுற்றி உருட்டித் தளர்வாகக் கட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும். பகலில் மேசை விளிம்பிலும் நாற்காலிக் கைப்பிடியிலும் முழங்கையை ஊன்றுவதை விட வேண்டும்.

கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டின் ஓரத்தில் வலித்தால் டி க்வெர்வைன் எனும் தசைநாண் உறை வீக்கம். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி மற்ற விரல்களால் மூடி, மணிக்கட்டைச் சுண்டுவிரல் பக்கம் மெல்லச் சாய்த்தால் சுரீர் என்று பிடிக்கும். நோயில்லாத கையிலும் இந்தச் சோதனை கொஞ்சம் இழுக்கும் என்பதால் இரண்டு கையையும் ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும். காலையில் விரல் மடங்கியபடியே மாட்டிக்கொண்டு, நிமிர்த்தினால் 'டக்'கென்று விடுபட்டால் ட்ரிக்கர் ஃபிங்கர். உள்ளங்கையைக் கீழ்நோக்கி வைத்து ஒரு பாத்திரத்தைத் தூக்கும்போது முழங்கையின் வெளி எலும்பில் வலித்தால் டென்னிஸ் எல்போ. டென்னிஸ் மட்டையைத் தொட்டே பார்க்காதவர்களுக்குத்தான் இது அதிகம். கையைப் பக்கவாட்டில் உயர்த்தும்போது சுமார் 60 முதல் 120 டிகிரி வரை வலித்து, அதற்கு மேல் போனால் குறைந்தால், கோளாறு தோளைச் சுழற்றும் தசைகளின் நாண்களில், அதாவது சுழல்தசை நாண்களில்.

கட்டைவிரல் மேட்டுச் சதை மற்றக் கையைவிட வற்றியிருந்தாலோ, மரப்பு இரவும் பகலும் விடாமல் இருந்தாலோ, பொருள்கள் கையிலிருந்து நழுவினாலோ வீட்டுச் சோதனை எதற்கும் காத்திருக்காமல் மருத்துவரிடம் போக வேண்டும். ஒரு திடீர் இழுப்புக்குப் பிறகு தோளைத் தூக்கவே முடியாமல் போனாலும், காய்ச்சலோடு மூட்டு சிவந்து வீங்கினாலும் அப்படியே. நெஞ்சு இறுக்கத்தோடு தோளிலோ கையிலோ வலி பரவினால் அது இதய அவசரம். இந்தக் கட்டுரையில் உள்ள எதுவும் அதற்குப் பொருந்தாது.

வேலையை மட்டும் குற்றம் சொல்லிவிட முடியாத நிலைகளும் உண்டு. சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, கர்ப்பம், முடக்குவாதம் ஆகியவை கார்ப்பல் டனலுக்கு வழிவிடும். சர்க்கரை உள்ளவர்களுக்கு ட்ரிக்கர் ஃபிங்கரும் அதிகம். இரண்டு கையிலும் ஒரே சமயத்தில் மரப்பு தொடங்கியிருந்தால் இரத்தச் சர்க்கரை, தைராய்டு, பி12 மூன்றையும் பார்த்துவிடுவது நல்லது.

முழு ஓய்வா, குறைத்த வேலையா

உறை வீங்கிய டி க்வெர்வைனில் ஓரிரு வாரம் கட்டைவிரலுக்கு ஓய்வு கொடுப்பது பலன் தரும். முழங்கையிலும் தோளிலும் கணக்கு வேறு. அங்கே நாட்பட்ட வலியில் வெறும் வீக்கத்தைக் காட்டிலும் நாணின் இழைகள் சிதைந்து தளர்ந்திருப்பதே பெரிய கோளாறு. முழு ஓய்வில் வலி அடங்கும். ஆனால் நாண் சுமை தாங்கும் திறனையும் இழக்கும். மூன்று வாரம் விடுப்பு எடுத்துவிட்டு வந்தவருக்கு முதல் நாள் மாலையே வலி திரும்புவது இதனால்தான். விடுப்பு போதவில்லை என்று நினைத்து அவர் இன்னும் நீட்டுவார், நாண் இன்னும் பலவீனமாகும்.

இந்த இரண்டு இடங்களுக்கும் எங்கள் தேர்வு, அளவைக் குறைத்துத் தொடர்வது. எவ்வளவு குறைப்பது என்பதற்குப் பிசியோதெரபியில் புழங்கும் ஓர் அளவுகோல் போதும். வலியைப் பத்துக்கு மதிப்பிடுங்கள். செய்யும்போது மூன்று, நான்கு வரை ஏறலாம். ஆனால் மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லையென்றால் நேற்றைய அளவு அதிகம். நரம்புக்கு மட்டும் இந்த அளவுகோல் செல்லாது. மரப்பைப் பொறுத்துக்கொண்டு வேலை செய்யக்கூடாது.

கார்ப்பல் டனல்: மூன்று வழிகளை எதிரெதிரே வைத்தால்

இரவுக் கட்டுதான் முதல் வழி. தூக்கத்தில் மணிக்கட்டு தன்னையறியாமல் மடங்கும். மடங்கினாலும் சரி, பின்னால் வளைந்தாலும் சரி, சுரங்கத்துக்குள் அழுத்தம் ஏறும். நேராக இருக்கும்போதுதான் அது குறைவு. எனவே கட்டின் வேலை ஒன்றே ஒன்று: மணிக்கட்டை நேராக வைத்திருப்பது. கடையில் கிடைக்கும் பல கட்டுகள் இதில்தான் சறுக்குகின்றன. உள்ளே இருக்கும் உலோகத் தகடு 20, 30 டிகிரி பின்பக்கம் வளைத்தே வருகிறது. தகட்டை உருவி, மேசை விளிம்பில் அழுத்தி நேராக்கி, மறுபடி செருகிக்கொள்ளுங்கள். கட்டின் முன்விளிம்பு உள்ளங்கை ரேகைக்கு முன்பே முடிய வேண்டும். விரல்களை முழுதாக மடக்க முடியாவிட்டால் அளவு பெரிது. பட்டைக்கு அடியில் ஒரு விரல் நுழையும் தளர்வு வேண்டும். ஆறு வாரம், ஒவ்வொரு இரவும்.

பகலில் கட்டியபடியே வேலை செய்வதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. மணிக்கட்டு அசையாதபோது அந்த அசைவைத் தோளும் முழங்கையும் ஏற்றுக்கொள்கின்றன. கட்டை எதிர்த்து வளைக்கும் முயற்சியில் பிடியும் இறுகும். ஒரு வலி போய் இரண்டு வரும்.

அடுத்தது ஊசி. இங்கிலாந்தில் நடந்து 2018இல் வெளியான ஒரு சோதனையில் 20 மி.கி. மெத்தில்பிரெட்னிசலோன் ஊசியையும் ஆறு வார இரவுக் கட்டையும் ஒப்பிட்டார்கள். ஆறாவது வாரத்தில் ஊசி முன்னிலை. ஆறாவது மாதத்தில் இரண்டும் சமம். 2013இல் வந்த சுவீடன் சோதனையில், கட்டுப் போட்டும் குணமாகாத 111 பேருக்கு 80 மி.கி., 40 மி.கி., வெற்று ஊசி என்று மூன்று வகையாகப் போட்டார்கள். பத்தாவது வாரத்தில் மருந்து ஊசி தெளிவாக மேல். ஓராண்டுக்குள் அறுவை செய்துகொண்டவர்கள் முறையே 73, 81, 92 சதவீதம். அதாவது கட்டுக்கு அடங்காத கையில் ஊசி பெரும்பாலும் தவணை வாங்கித் தருகிறது, கடனை அடைப்பதில்லை. தவணைக்கும் மதிப்பு உண்டு. கர்ப்ப காலத்தில் வந்து பிரசவத்துக்குப்பின் தானே போகக்கூடியதற்கும், அறுவைக்கு நாள் தள்ளிப்போகிறவர்களுக்கும், தூக்கமின்றித் தவிப்பவர்களுக்கும் அது உதவும். ஊசிக்கு நன்றாகக் குறைந்தால் நோயைச் சரியாகக் கண்டிருக்கிறோம் என்றும், அறுவையும் பலிக்கும் என்றும் ஓரளவு நம்பலாம். சர்க்கரை உள்ளவர்களுக்குச் சில நாள் சர்க்கரை ஏறும். முன்கூட்டியே சொல்லி வைப்பது நல்லது.

மூன்றாவது, நார்ப்பட்டையை வெட்டிவிடும் அறுவை. சதை வற்றல், விடாத மரப்பு, நரம்பு மின்கடத்தல் சோதனையில் கடுமையான தேக்கம் ஆகிய மூன்றில் ஒன்று இருந்தால் கட்டையும் ஊசியையும் சுற்றிச் சுற்றி வராமல் நேரே இதற்குப் போவதே சரி. நரம்பு நீண்ட காலம் நசுங்கிக் கிடந்தால் அறுவைக்குப்பின்னும் உணர்வு முழுதாகத் திரும்பாமல் போகலாம். இரவு வலி சில நாளிலேயே போய்விடும். விரல் நுனி உணர்வு மாதக்கணக்கில் மெல்ல வரும். வற்றிய சதை கடைசி, சிலருக்கு வராமலே போகும். தள்ளிப்போடுவதன் விலை இதுதான்.

திறந்த அறுவை, துளைவழி அறுவை இரண்டும் ஓராண்டில் ஒரே பலனைத் தருகின்றன. துளைவழியில் சராசரியாக ஒரு வாரம் முன்னதாக வேலைக்குத் திரும்பலாம், தழும்பு வலியும் குறைவு. ஆனால் தற்காலிக நரம்புப் பாதிப்பு சற்று அதிகம். முறையைவிட அதில் கைதேர்ந்த மருத்துவரைப் பார்த்துத் தேர்வது மேல். எந்த முறையானாலும் உள்ளங்கையின் அடிப்பகுதியில், வெட்டின் இரு பக்கமும், ஊன்றினால் வரும் வலி சில மாதம் நீடிக்கும். அது தோல்வியின் அறிகுறி ஆகாது. மேசை வேலைக்கு ஓரிரு வாரம், கனமான கைவேலைக்கு ஒரு மாதம் முதல் இரண்டு மாதம், பிடிவலு திரும்ப ஏறத்தாழ மூன்று மாதம் என்று வைத்துத் திட்டமிடலாம். அறுவை உண்மையில் தோற்றால் பொதுவாகக் காரணம் இரண்டு: நார்ப்பட்டை முழுதாக வெட்டுப்படாமல் விட்டுப்போவது, அல்லது கோளாறு தொடக்கத்திலிருந்தே கழுத்தில் இருந்தது.

மரப்புக்குப் பலர் தாமாகவே வாங்கிச் சாப்பிடும் பி6 மாத்திரை பற்றி ஒரு எச்சரிக்கை. கார்ப்பல் டனலில் அது பலன் தருவதாக நிரூபணமாகவில்லை. அதிக அளவில் நீண்ட நாள் சாப்பிட்டால் பி6 தானே நரம்பைக் கெடுத்து மரப்பை உண்டாக்கும்.

ஊசி பலிக்கும் இடம், கெடுக்கும் இடம்

டி க்வெர்வைனில் ஊசிதான் முன்னணி வழி. கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கும் கட்டோடு போட்டால் பெரும்பாலானோருக்கு ஒன்றிரண்டு ஊசியில் முடிந்துவிடும். சாதாரண மணிக்கட்டுப் பட்டை கட்டைவிரலைச் சும்மா விட்டுவிடுவதால் இங்கே பயன்படாது. ஊசி பலிக்காத சிலரின் கையில் அந்த உறைக்குள் ஒரு தடுப்பு இருக்கும். இரண்டு நாண்களில் ஒன்று தனி அறையில் கிடக்க, மருந்து மற்ற அறைக்குப் போய்விடும். ஸ்கேன் பார்த்துப் போடும் ஊசி இதைச் சரிசெய்யும். ட்ரிக்கர் ஃபிங்கரிலும் ஊசி பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கேட்கும். சர்க்கரை உள்ளவர்களுக்குக் குறைவாகக் கேட்கும். இரண்டு முறை போட்டும் விரல் மாட்டினால் நாணைப் பிடித்திருக்கும் உள்ளங்கை வளையத்தை (கப்பி) வெட்டும் சிறிய அறுவையே நேர்வழி.

டென்னிஸ் எல்போவில் எல்லாம் தலைகீழ். 2002இல் நெதர்லாந்தில் 185 பேரை மூன்று குழுவாக்கி ஒரு சோதனை நடந்தது. ஆறாவது வாரத்தில் ஊசிக் குழுவில் 92 சதவீதம் பேர் தேறினார்கள், பிசியோதெரபியில் 47, காத்திருந்தவர்களில் 32. அந்த இடத்தில் கணக்கை நிறுத்தினால் ஊசியே வெற்றி. 52ஆவது வாரத்தில் ஊசி 69, பிசியோதெரபி 91, காத்திருந்தவர்கள் 83. ஆஸ்திரேலியாவில் பின்னர் நடந்த சோதனைகளும் இதே திசையைத்தான் காட்டின. ஊசி வலியை மறைக்கிறது, ஆள் பழைய வேகத்துக்குத் திரும்புகிறார், நாணோ இன்னும் தயாராகவில்லை. ஸ்டீராய்டு தசைநாண் இழையைப் பலவீனப்படுத்துவதும் சேர்ந்துகொள்கிறது. ஆறு வாரச் சுகத்துக்காக ஓராண்டை விற்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்வோம். சொந்த இரத்தத்திலிருந்து எடுத்துப் போடும் பிஆர்பி ஊசியும் இங்கே குறிப்பிடத்தக்க பலன் தரவில்லை என்றே ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2021ஆம் ஆண்டு மதிப்பாய்வு சொல்கிறது.

மாற்று வழி பொறுமை கேட்கும், ஆனால் எளிது. முன்கையை மேசைமேல் வைத்து, உள்ளங்கை கீழ்நோக்க, மணிக்கட்டு விளிம்புக்கு வெளியே நிற்கட்டும். முதல் இரண்டு வாரம் அசைவில்லாத பிடிப்பு: அரை கிலோ அல்லது ஒரு கிலோ எடையை மணிக்கட்டு நேராக இருக்கும்படி 45 விநாடி தாங்கி, இடையில் ஒரு நிமிடம் விட்டு, ஐந்து முறை. வலி தணிந்ததும் அடுத்த கட்டம். மற்றக் கையால் எடையை மேலே தூக்கிவிட்டு, வலிக்கும் கையால் நான்கைந்து விநாடி எண்ணியபடி மெல்ல இறக்குங்கள். 15 தடவை, மூன்று சுற்று, ஒருநாள் விட்டு ஒருநாள். மேலே சொன்ன மறுநாள் காலை அளவுகோலுக்கு உட்பட்டு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரை கிலோ கூட்டலாம். மொத்தம் 12 வாரம். பெரும்பாலானோர் மூன்றாம் வாரத்தில் வலி குறைந்ததும் விட்டுவிடுகிறார்கள். நாண் உறுதிப்படுவது அதற்குப் பிறகுதான். முன்கைப் பட்டை கட்டுவதானால் வலிக்கும் எலும்பின்மேல் கட்டாமல், அதற்கு இரண்டு மூன்று விரல் கீழே சதையின்மேல் கட்டுங்கள். வேலை நேரத்துக்கு மட்டும்.

தோள்: கத்தி தேவைப்படுவது அரிது

சுழல்தசை நாண் வலிக்குத் தோள் உச்சி எலும்பின் அடிப்பக்கத்தைச் செதுக்கி இடம் உண்டாக்கும் அறுவை பல ஆண்டுகள் பரவலாகச் செய்யப்பட்டது. 2018இல் பிரிட்டனிலும் பின்லாந்திலும் வெளியான இரண்டு சோதனைகளில், செதுக்கியவர்களுக்கும் துளைபோட்டு உள்ளே பார்த்துவிட்டு மட்டும் வந்தவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நாண் கிழியாத தோளுக்கு இந்த அறுவையைத் தேர்வதற்கு இன்று காரணம் ஏதுமில்லை. விபத்தில் நாண் முழுதாகக் கிழிந்தது வேறு கதை, அது தாமதிக்கக்கூடாதது.

உடற்பயிற்சிதான் வழி என்றால் எத்தனை தடவை பிசியோதெரபிஸ்டிடம் போக வேண்டும்? 2021இல் வந்த 708 பேர் கொண்ட பிரிட்டன் சோதனை இதற்கு நல்ல சேதி சொல்கிறது. ஆறு அமர்வு வரை வந்து பயிற்சி பெற்றவர்களும், ஒரே ஒரு நல்ல ஆலோசனை அமர்வோடு வீட்டில் தாமே செய்தவர்களும் ஓராண்டில் ஒரே நிலையில் இருந்தார்கள். கூடுதலாக ஊசி போட்டதும் ஓராண்டில் எதையும் மாற்றவில்லை. பணமோ நேரமோ குறைவாக இருப்பவர்கள் ஒரு அமர்வுக்கு மட்டும் போய், செய்முறையைச் சரியாகக் கற்றுக்கொண்டு வரலாம்.

மேசை வேலைக்காரர்களின் கழுத்து, தோள் இறுக்கத்துக்கு இன்னும் சின்ன அளவே போதுமானதாக இருக்கிறது. டென்மார்க்கில் 2011இல் வெளியான சோதனையில் ரப்பர் பட்டையை மிதித்து, இரு கைகளையும் பக்கவாட்டில் தோள் உயரம்வரை தூக்கும் பயிற்சியை நாளுக்கு 2 நிமிடம் செய்தவர்களுக்கும் 12 நிமிடம் செய்தவர்களுக்கும் பத்து வாரத்தில் வலி ஏறக்குறைய ஒரே அளவு குறைந்தது. பட்டையை மெல்ல மெல்லக் கனமானதாக மாற்றிக்கொண்டு போனார்கள் என்பதுதான் முக்கியம்.

கருவி வாங்குவதா, இடைவேளையா, வேலை அமைப்பா

மேலே சொன்ன எதுவும் சுமை அப்படியே இருந்தால் நிலைக்காது. சுமை என்பது விசை, திரும்பத் திரும்பச் செய்தல், கோணம், இடைவெளியின்மை, அதிர்வு எல்லாம் சேர்ந்தது. ஒன்று தனியாக இருந்தால் கை பெரும்பாலும் சமாளிக்கும். அமெரிக்க அரசின் பணியிட நல ஆய்வு நிறுவனமான நியாஷ் 1997இல் ஆய்வுகளைத் தொகுத்தபோது மிக வலுவான ஆதாரம் கிடைத்தது, இவை கூட்டுச் சேரும் நிலைக்குத்தான். குறிப்பாக விசையும் வேகமும் சேரும் இடத்துக்கு. அரை நிமிடத்துக்குள் முடியும் ஒரே சுழற்சியை நாளெல்லாம் செய்பவர்கள் முதலில் குறைக்க வேண்டியது விசையைத்தான், ஏனென்றால் எண்ணிக்கை பெரும்பாலும் அவர்கள் கையில் இல்லை.

விசையைக் குறைக்கும் மிக மலிவான வழி சாணை பிடிப்பது. கத்தியோ கத்தரியோ மழுங்கினால் பிடியும் வெட்டும் விசையும் சேர்ந்து ஏறும். மாலைக்கு மாலை தீட்டுவதை ஒரு பழக்கமாக வைத்துக்கொள்வதோடு, நடுநாளில் மாற்றிக்கொள்ள இரண்டாவது கத்தி தயாராக இருந்தால் கைக்கு இன்னும் நல்லது. அடுத்தது கைப்பிடி. அழுத்திப் பிடிக்கும் கருவிக்கு 32 முதல் 50 மி.மீ. விட்டம், நுணுக்கக் கருவிக்கு 6 முதல் 13 மி.மீ. நீளம் 100 மி.மீ.க்குக் குறைந்தால் கைப்பிடியின் முனை உள்ளங்கையின் நடுவில் குத்தி நரம்பை அழுத்தும். 125க்கு மேல் இருந்தால் நல்லது. குறடு, கத்தரி போன்ற இரட்டைப் பிடிக் கருவிகள் மூடியபோது 50 மி.மீ.க்குக் குறையாமலும் விரிந்தபோது 90ஐத் தாண்டாமலும் இருக்கட்டும், தானே விரியும் சுருள் வில்லும் வேண்டும். வில் இல்லாவிட்டால் ஒவ்வொரு வெட்டுக்கும் விரல்கள் மூடுவதோடு திறக்கவும் உழைக்கின்றன. ஒல்லிப் பிடிக்கு ரப்பர் குழாய் சுற்றிக் கனப்படுத்தலாம். தடித்த கையுறை பிடிவலுவைத் தின்னும். கைக்கு இறுக்கமாகப் பொருந்தும் மெல்லியதே மேல்.

மேசை உயரம் எல்லோருக்கும் ஒன்று என்று நினைப்பது தோள்வலிக்கு ஒரு காரணம். நின்று செய்யும் வேலையில் முழங்கையிலிருந்து அளக்க வேண்டும். நுணுக்க வேலைக்கு முழங்கைக்கு 5 முதல் 10 செ.மீ. மேலே, இலேசான வேலைக்கு 10 முதல் 15 செ.மீ. கீழே, அழுத்தித் தேய்க்கும் கனமான வேலைக்கு 15 முதல் 40 செ.மீ. கீழே. மேசையைத் தாழ்த்த முடியாவிட்டால் குட்டையானவர் ஏறி நிற்க ஒரு பலகை மேடை போடலாம். அதிரும் கருவிகளுக்கு ஐரோப்பிய விதி எட்டு மணி நேரச் சராசரியில் விநாடிக்கு விநாடி 2.5 மீட்டர் எனும் அதிர்வு முடுக்க அளவில் நடவடிக்கை தொடங்கச் சொல்கிறது. 5 மீட்டரைத் தாண்டவே கூடாது. கருவி வாங்கும்போது கையேட்டில் இந்த எண்ணைப் பாருங்கள்.

கணினி வேலைக்குச் சந்தையில் பொருள் அதிகம், ஆதாரம் குறைவு. நிமிர்ந்து நிற்கும் மவுஸ் மணிக்கட்டின் கோணத்தை மாற்றுகிறது. ஆனால் 2015இல் கார்ப்பல் டனல் உள்ளவர்களிடம் அளந்தபோது சுரங்க அழுத்தத்தை அது குறைக்கவில்லை. மவுஸைக் கையில் பிடித்து ஓட்டுவதே அழுத்தத்தை ஏற்றுகிறது. எனவே நரம்பு மரப்புக்காக அதை வாங்க வேண்டாம். முன்கை முறுக்கத்தால் வலிப்பவர்கள் ஓரிரு வாரம் இரவல் வாங்கிப் பார்க்கலாம். முன்கை முழுவதையும் தாங்கும் பலகைக்கு, மாற்று மவுஸோடு சேர்த்து, கழுத்து-தோள் வலியைத் தடுப்பதில் ஓரளவு நல்ல ஆதாரம் உண்டு. மெத்தென்ற மணிக்கட்டுத் திண்டில் தட்டச்சும்போது கையை ஊன்றினால் சுரங்கத்தின் கூரையையே அழுத்துகிறோம். இடையில் கையை வைத்து இளைப்பாற மட்டும் அது. காசில்லாத இரண்டு மாற்றங்கள் இவற்றுக்கு முன்னால் வர வேண்டும். விசைப்பலகையின் பின்கால்களை மடக்கிவிடுங்கள், அவை மணிக்கட்டைப் பின்னால் வளைக்கின்றன. எண்பகுதி இல்லாத விசைப்பலகை இருந்தால் மவுஸ் ஒரு சாண் உள்ளே வந்து தோள் வெளியே நீள்வது நிற்கும்.

இடைவேளை கொடுத்தால் உற்பத்தி குறையும் என்ற அச்சம் மேலாளர்களிடம் உண்டு. தரவு உள்ளீடு செய்பவர்களிடம் 2000இல் நியாஷ் இதைச் சோதித்தது. வழக்கமான இரண்டு 15 நிமிட இடைவேளைகளோடு, இடைவேளை இல்லாத மணி நேரங்களில் 5 நிமிடம் வீதம் நாளுக்கு 20 நிமிடம் கூடுதலாகக் கொடுத்தபோது வலியும் கண் சோர்வும் குறைந்தன, வேலையின் அளவு குறையவில்லை. மேலாளரிடம் பேசப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல கருவி இல்லை. அந்த 5 நிமிடத்தில் கைபேசியைக் கட்டைவிரலால் தள்ளிக்கொண்டிருந்தால் அது இடைவேளை ஆகாது.

வேலைச் சுழற்சி காகிதத்தில் அழகாகத் தெரியும். நடைமுறையில் பலமுறை தோற்கிறது. திருகு முடுக்குபவரைப் பெட்டி ஒட்டவும், அங்கிருந்து ஒயர் கிள்ளவும் மாற்றினால் இடம்தான் மாறுகிறது, முன்கையின் அதே தசைகள் மூன்று இடத்திலும் உழைக்கின்றன. சுழற்சி போடுமுன் ஒவ்வொரு இடத்திலும் எது உழைக்கிறது என்று எழுதுங்கள்: கிள்ளும் பிடி, முழுப்பிடி, மணிக்கட்டு வளைவு, தோளுக்கு மேல் கை. அடுத்தடுத்த இரண்டு இடங்களில் ஒரே சொல் வரக்கூடாது. ஓர் இடம் மட்டும் மிகக் கடினமாக இருந்தால் சுழற்சி அந்தப் பாதிப்பை எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுக்கும். அந்த இடத்தைச் சரிசெய்த பிறகே சுழற்சி.

வேகத்தையும் மன அழுத்தத்தையும் இதில் விட்டுவிட முடியாது. 18ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் எழுத்தர்களின் கைநோயைப் பற்றி எழுதிய இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி மூன்று காரணம் சொன்னார்: ஓயாமல் உட்கார்ந்திருத்தல், கையின் ஒரே திசை அசைவு, பிழை வந்துவிடுமோ என்ற மனப் பதற்றம். நெருக்கடியில் இருப்பவர் தேவைக்கு மேல் இறுக்கிப் பிடிக்கிறார், விசைப்பலகையைத் தேவைக்கு மேல் அழுத்துகிறார், இடைவேளையைத் தாமே விட்டுக்கொடுக்கிறார். ஒரு துண்டுக்கு இவ்வளவு என்று கூலி தரும் இடங்களில் எந்தக் கருவி மாற்றமும் அரைப் பலனே தரும். அங்கே முதலில் பேச வேண்டியது, வலி உள்ளவருக்கான தற்காலிக இலக்குக் குறைப்பு.

மாற்றங்களை ஒரே நாளில் மொத்தமாகச் செய்தால் எது உதவியது என்று தெரியாமல் போகும். ஒன்றை மாற்றி இரண்டு வாரம் விட்டு, எளிய எண் ஒன்றைக் குறித்து வாருங்கள். நரம்பு மரப்பென்றால் வாரத்தில் எத்தனை இரவு தூக்கம் கலைந்தது. முழங்கையென்றால் கையை நீட்டி, உள்ளங்கை கீழ்நோக்க, வலியில்லாமல் தூக்க முடிந்த தண்ணீர் பாட்டிலின் எடை. தோளென்றால் கை எந்த உயரத்தில் வலிக்கத் தொடங்குகிறது என்பதற்குச் சுவரில் ஒரு பென்சில் கோடு. கோணத்தை மாற்றி இரண்டு வாரத்தில் எண் அசையவில்லையென்றால் விசைக்குப் போங்கள், அதற்கும் அசையவில்லையென்றால் நேரத்துக்கு. மூன்றையும் பார்த்து ஆறு வாரம் கடந்தபின் மருத்துவரிடம் போகும்போது இந்தக் குறிப்பையும் வேலை செய்யும் நிலையைப் பக்கவாட்டில் எடுத்த ஒரு நிமிடக் காணொளியையும் கொண்டுபோனால், ஸ்கேனில் தெரியாத பலவற்றை அவர் அதில் பார்த்துவிடுவார்.